ருசிக்கான கட்டம்

நியூ டவுனில் வெளிநாட்டுச் சுருட்டு இறக்குமதி செய்யும் கம்பெனியில் பரமசிவத்தின் மூக்குக்குக் கோயில் கட்டாத குறைதான். இருபது வருடமாக ஒவ்வொரு சரக்கிலும் ஒரு சுருட்டை கரியாஹாட் வீட்டுக்கு எடுத்துவந்து பிடித்துப் பார்த்து, இலையைச் சுருட்டிய கட்டு எப்படி, ருசி எப்படி என்று எழுதிக் கொடுப்பார். அவர் வேண்டாம் என்றால் சரக்கு திரும்பிப் போகும்.

கட்டு விஷயத்தில் மனிதர் கெட்டிக்காரர்தான். விரலால் உருட்டினாலே எங்கே இலை குறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ருசிதான் அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. ருசியைச் சொன்னவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ராஜலக்ஷ்மி.

"இந்த ஊர் வங்காளிங்க சிகரெட் பிடிக்கறதைக்கூட 'சாப்பிடறோம்'னுதானே சொல்றாங்க? நீங்க சாப்பிடுங்க, ருசியை நான் சொல்றேன்" என்று சிரிப்பாள். புகையை முகர்ந்து கருப்பட்டி என்பாள், வறுத்த கொத்தமல்லி என்பாள். அவர் அப்படியே எழுதிக்கொள்வார். காற்று பட்டால் சுருட்டு ஒரு பக்கமாக எரியும், கட்டைப் பார்க்க முடியாது. அதனால் ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிடுவார்.

போன துர்கா பூஜை சமயத்தில் நுரையீரல் கெட்டு அவள் போய்ச் சேர்ந்தாள். "வீட்ல யாருக்குப் புகைப்பழக்கம்?" என்று டாக்டர் கேட்டபோது பரமசிவம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறமும் அவள் வந்தாள். ஜன்னலைச் சாத்தி, அறை முழுக்கப் புகை கட்டியதும் எதிர் நாற்காலி கிறீச்சிடும். "ஏலக்காய்" என்று அவள் குரல் கேட்கும். அந்தக் குரலுக்காகவே அவர் உயிரோடிருந்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் ருசியைச் சொன்ன பிறகு அவள் இருமினாள். தடவைக்குத் தடவை இருமல் நீண்டது. அதற்குப் பயந்து போன சரக்கை அவர் பற்றவைக்கவே இல்லை; ருசியை எழுதாமல் விட்டார்.

அந்த ஞாயிறு மத்தியானம் கம்பெனி மேனேஜர் ரோஹித் போன் செய்தான். "பரமசிவம் சார், பெரிய சரக்கு. சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் வேணும். போன தடவை மாதிரி ருசியைக் காலியா விட்டீங்கன்னா வேற ஆளைப் பார்த்துக்குவேன்."

பரமசிவம் ஜன்னலைச் சாத்திப் பற்றவைத்தார். அருமையான கட்டு. நெருப்பு வட்டமாக இறங்கியது, சாம்பல் ஒரு விரல் நீளம் உதிராமல் நின்றது. நாற்காலி கிறீச்சிட்டது.

"சொல்லும்மா."

பேச்சு வரவில்லை, இருமல்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் அவளுடைய கடைசி வாரத்தில் கேட்ட அதே இருமல். செத்த பிறகுமா இவளை விடமாட்டேன் என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. எழுந்து போய் ஜன்னலை அகலத் திறந்தார்.

"சாத்துங்க" என்றது குரல், மூச்சு வாங்கியபடி. "காத்து வரக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? இன்னும் ருசி சொல்லலியே நான்."

"வேண்டாம்மா. நீ போ."

தெருவிலிருந்து காற்று வந்தது. சுருட்டு ஒரு பக்கமாக எரிந்து சாம்பல் தரையில் விழுந்தது. புகை கலைந்தபோது நாற்காலியில் யாருமில்லை. பரமசிவம் வாய்விட்டு அழுதார்.

பிறகு ரிப்போர்ட்டை எடுத்தார். கட்டு என்ற இடத்தில் 'மிக நன்று' என்று எழுதினார். ருசிக்கான கட்டத்தில் வெகுநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு எழுதினார்:

'எனக்குத் தெரியாது. இத்தனை வருடமும் ருசி சொன்னது என் மனைவி. சாப்பிட்டதும் அவள்தான்.'