மாஸ்டரின் வலது கால்

என் வீட்டுக்காரர் உட்கார்ந்தால் அவருடைய வலது கால் மட்டும் உட்காராது. சோபாவில் சாய்ந்து செய்தி பார்ப்பார். திரையில் எங்கோ ஒரு லாரி வளைவில் வேகமாகத் திரும்பினால், இங்கே இவர் கால் தரையை அழுத்தும். என் தம்பி புதிதாகக் கார் வாங்கி எங்களை ஒரு சுற்று அழைத்துப் போனான். முன்சீட்டில் இவர் வழிநெடுக மிதித்த மிதியைப் பார்த்துவிட்டு, "மாமா, என் வண்டி தரையில ஓட்டை போட்டுடாதீங்க" என்று சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. பேருந்தில் போனாலும் அதே கதைதான். ஊரே ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கும். இவர் மட்டும் கண்ணை மூடாமல் டிரைவரின் பிடரியையே பார்த்துக்கொண்டு வருவார்.

குற்றம் அவருடையது இல்லை, வேலையுடையது. அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அந்த ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டின் காலடியிலும் இரண்டு மிதிகள் உண்டு. இடது காலுக்கு கிளட்ச், வலது காலுக்கு பிரேக். ஆக்ஸிலேட்டர் கிடையாது. கற்றுக்கொடுப்பவருக்கு வண்டியை நிறுத்தத்தான் அதிகாரம், ஓட வைக்க இல்லை. ஆண்டுக்கணக்கில் அந்த சீட்டிலேயே அவர் காலம் போனது.

வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா அவரிடம் கற்றுக்கொண்டார். ஒரு நாள் குறுக்கே பூனை ஓடி, வண்டி டக்கென்று நின்றிருக்கிறது. "பாத்தீங்களா மாஸ்டர், எப்படி நிறுத்தினேன்!" என்று அந்த அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லையாம். இவரும் "ரொம்ப நல்லா நிறுத்தினீங்கம்மா" என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னார்.

"உண்மையில நிறுத்தினது யாரு?" என்று கேட்டேன்.

"அவங்கதான்னு இருக்கட்டுமே. நம்பிக்கை வந்தாத்தானே ஓட்டுவாங்க."

காலையில் கற்றுக்கொள்கிற முதல் ஆள் ஷெட்டுக்கே வந்து வண்டியை எடுப்பார். அடுத்த ஆளின் வீட்டு வாசல்வரை ஓட்டிப்போய் இறங்கிக்கொள்வார். அங்கே அடுத்தவர் ஏறுவார். இப்படியே கை மாறி மாறி, கடைசி ஆள் பொழுது சாயும்போது வண்டியை ஷெட்டில் கொண்டுவந்து விடுவார். இவர் ஸ்டீரிங் பக்கம் போக வேண்டிய அவசியமே வராது. எங்களுக்கு வண்டியும் கிடையாது. பகல் முழுக்கக் காரில் உட்கார்ந்துவிட்டு நடந்து வீட்டுக்கு வருகிற மனிதர் இவர் ஒருவர்தான். வந்ததும் பேசமாட்டார். பாதித் தூக்கத்தில் சாப்பிடுவார். ஏதாவது கேட்டால் "ம்" என்பார். அந்த "ம்"முக்கு என்ன பொருள் என்று கேட்கிற தெம்பு எனக்கும் இருக்காது.

இந்த மனிதரின் லைசென்ஸ்தான் காலாவதியாகிவிட்டது. இன்சூரன்ஸுக்காக முதலாளி நகல் கேட்டபோது எடுத்துப் பார்த்தால், புதுப்பிக்கிற கெடு எப்போதோ தாண்டியிருந்தது. இனி புதிதாகக் கற்றுக்கொள்பவரைப் போல டெஸ்ட் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழனிப்பானையில துள்ளி" என்று வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "ஆமா" என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

முதலாளி என் தம்பி வயதுக்காரர், கெட்டவர் இல்லை. "மாஸ்டர், கையில லைசென்ஸ் இல்லாம உங்கள சீட்ல உக்கார வெக்க முடியாது. அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்கு மேல வேற ஆள் போட்டுத்தான் ஆகணும்" என்றார். இந்த வயதில் இவரை வேறு யார் வேலைக்குச் சேர்ப்பார்கள்? இவருக்கு வேறு என்ன வேலை தெரியும்?

"டெஸ்டுதானே, அதெல்லாம் தூங்கிக்கிட்டே ஓட்டுவாரு" என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டெஸ்ட் மைதானத்துக்கு நானும் போனேன். கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். பெயரைக் கூப்பிட்டதும் இவர் நேராகப் போய் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தார்.

"ஐயா, அது என் சீட்டு" என்றார் இன்ஸ்பெக்டர்.

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். இவர் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் ஏறினார். வண்டி நகர்ந்தது, நின்றது. மறுபடி நகர்ந்தது, மறுபடி நின்றது. காற்றில் ஒரு காகிதம் புரண்டால் நின்றது. எங்கோ தூரத்தில் ஒருவன் குனிந்து செருப்பை மாட்டினால் அதற்கும் நின்றது. மேட்டில் ஏறும்போது பாதியில் எஞ்சின் இருமி அணைந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து, குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்: "ஏன் ஐயா, நீங்க ஓட்ட வந்தீங்களா, நிறுத்த வந்தீங்களா?"

வீட்டுக்கு வந்து வெகுநேரம் அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கால் போக மாட்டேங்குதும்மா" என்றார். "ஆக்ஸிலேட்டர்ல கால வெச்சா, அப்ப பிரேக்குல யாரு இருக்காங்கன்னு மனசு கேக்குது. கேட்டதுமே கால் அங்க போயிடுது."

"உங்க முதலாளி பக்கத்துல உக்காந்து பழக்கறேன்னாரே?"

"உக்கார்றாரு. உக்காந்து செல்போன நோண்டறாரு. அவர நம்பி நான் எப்படிப் போறது?"

உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன்.

விடுமுறை நாளில் கிடங்குகளின் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் இன்னொரு முறை பழகிப் பார்க்கலாம் என்று முதலாளி கூப்பிட்டார். ஏனோ நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். கேஸை மூடினேன், குழாயைப் பார்த்தேன், கதவைப் பூட்டி இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். இவர் அதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டார். பூட்டினாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை. எனக்கு அதில் எப்போதும் மனத்தாங்கல்தான். அன்றைக்கு மட்டும் கையில் சாவியோடு அப்படியே நின்றுவிட்டேன். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து நிறுத்துகிற மனிதர், என் கையில் விட்டதை மட்டும் திரும்பியே பார்த்ததில்லை.

மைதானம்வரை முதலாளி ஓட்டிவந்தார். "தம்பி, நீங்க அப்படி நிழல்ல உக்காருங்க. நான் மாஸ்டர் சீட்ல உக்கார்றேன்" என்றேன்.

"அக்கா, உங்களுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. நிறுத்தினா போதாதா?"

என்ன நினைத்தாரோ, சிரித்துக்கொண்டே போய்விட்டார். இவர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். "வலது காலுக்கு இருக்கே, அதுதான் பிரேக். அமுக்கு. இன்னும். ம், அவ்வளவுதான்."

"நீங்க ரோட்டப் பாருங்க. இத நான் பாத்துக்கறேன்."

முதல் சுற்றில் அங்கங்கே நின்றார். நின்றபோதெல்லாம் "என் கால் இங்கதான் இருக்கு" என்றேன். அடுத்த சுற்றில் குறைந்தது. அதற்கு அடுத்ததில் எஞ்சின் சத்தம் மாறியது. கிடங்குச் சுவர்கள் விறுவிறுவென்று பின்னால் போயின. மிதிக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது என்று காலை அந்தரத்திலேயே வைத்திருந்ததில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ஓட்டுவதும் நான் இல்லை, சும்மா வருகிற ஆளும் நான் இல்லை. கண்ணை ஒரு நொடி திருப்ப முடியவில்லை. சற்று நேரத்துக்கே எனக்கு உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி ஆகிவிட்டது.

வண்டி நின்றபோது அழுகை வந்துவிட்டது. "இப்படியா இத்தன வருஷமும் உக்காந்திருந்தீங்க?"

"பழகிடும்" என்றார்.

பழகவில்லை என்பது எனக்கு இப்போது தெரியும். வீட்டுக்கு வந்து "ம்" என்று சொன்ன எல்லா நாளும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது டெஸ்ட், முதலாளி சொன்ன கெடு முடிகிற வாரத்தில். அங்கே நான் பக்கத்தில் உட்கார முடியாதே. இன்ஸ்பெக்டரின் சீட் அது. இந்த முறை இவர் சரியான கதவைத் திறந்தார். ஏறுவதற்கு முன் வேலிப்பக்கம் என்னைத் தேடினார். நான் என் வலது காலை முன்னால் எடுத்துவைத்து, அவர் கண்ணில் படுகிற மாதிரி மண்ணில் ஊன்றிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர்கள் இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வண்டி கிளம்பியது. நிற்க வேண்டிய இடத்தில் நின்றது, நிற்கத் தேவையில்லாத இடத்தில் நிற்கவில்லை. மேட்டில் ஒரு சாண் பின்னால் வந்தது. நான் மண்ணை அழுத்தினேன். அது ஒரு உறுமு உறுமி ஏறிவிட்டது.

"இப்பத்தான் ஓட்ட வந்திருக்கீங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. "கொஞ்சம் சாஞ்சுக்கறேன்" என்றார். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் வாய் பிளந்து தூங்கிவிட்டார். ஓடுகிற வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. என் தோளில் கல்லாகக் கனத்தது அவர் தலை. நாளை விடிந்தால் மறுபடி அந்த சீட்டுதான். இறங்கும் இடம் வர இன்னும் நேரம் இருந்தது. நான் டிரைவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முன்னால் ஒரு சைக்கிள் குறுக்கே புகுந்தது. அவர் கால் அசையவில்லை. என் கால்தான் தரையை அழுத்தியது.