லில்லிக் கிழங்கும் கம்பிவலையும்

போன கிழமை முன்முற்றத்தில் லில்லிக் கிழங்குகள் நட்டேன். கொழும்பு வெள்ளவத்தைப் பெருச்சாளிகள் கிழங்கைக் கண்டால் விடமாட்டா. அதனால் குழியின் அடியிலும் மேலேயும் கோழிக்கூட்டுக் கம்பிவலை போட்டு மண்ணால் மூடினேன்.

இன்று காலை இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள்.

"நோனா, மண்ணுக்குள்ள என்ன தாட்டிருக்கு?" என்றார் மூத்தவர், சிங்களம் கலந்த அரைகுறைத் தமிழில்.

"பூக்கிழங்கு."

"அப்ப கம்பி?"

"பெருச்சாளிக்கு."

அவர் நம்பவில்லை. தனியாக இருக்கும் தமிழ்ப் பெண், புதிதாகக் கிண்டிய மண், உள்ளே கம்பி: குண்டு என்றே நினைத்திருப்பார். அவருடைய இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

என்னையே கிண்டச் சொன்னார்கள். இளையவர் கேற்றடிக்குப் போய் நின்றுகொண்டார். வலையைத் தூக்கினேன். கிழங்குகள் ஒரு பல்லும் படாமல் இருந்தன. ஒன்றில் பச்சை முளைகூட வந்திருந்தது.

மூத்தவர் குனிந்து பார்த்தார். "எங்கட வீட்டிலயும் இதே கரச்சல்தான். வலை எங்க வாங்கின?"

கடையைச் சொன்னேன். பிறகு, "உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"பக்கத்தில உள்ள ஆள்தான், நோனா."

அவர்கள் போனபின் திரும்ப நட்டேன்.

இந்த ஒழுங்கைக்குக் குடிவந்து பல வருடம். காய்ச்சலில் கிடந்த கிழமை ஒருவரும் கேற்றைத் தட்டவில்லை. ஆனால் நான் கிழங்கு நட்டதை யாரோ கம்பி வரைக்கும் கவனித்திருக்கிறார்கள்.

அந்த அயலவர் இதை வாசித்தால்: பூத்ததும் நீங்களே வாருங்கள். தேத்தண்ணி தருவேன்.