பஸ்ஸைத் தள்ளினது நாங்க

சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. எனக்கு வாய் சும்மா இருக்காது.

இன்னைக்குத் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குக் கரி எரிச்சு ஓடுற பஸ்ஸில் போனேன். யுத்தத்தில் பெட்ரோல் ஏது? பக்கத்தில் ஒருத்தர், குண்டு விழும்னு பயந்து சென்னப்பட்டணத்தை விட்டுக் குடும்பத்தோடு வந்தவர்.

"பட்டணம் அவ்வளவுதான். தெருத்தெருவா வீடு பூட்டிக் கிடக்கு. இனிமே உங்க ஊர்தான் பட்டணம்" என்றார்.

"அப்போ டிராமையும் கையோட கொண்டாந்திருக்கலாமே, அண்ணாச்சி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வீடு கிடைக்காமல் சத்திரத்தில் இருக்கிறாராம்.

நான் விடுவேனா? "அருவிப் பக்கம் ஒரு ஆச்சி சீசனுக்கு அறை விடுதா. முன்கூட்டிச் சொல்லிவைக்கிறதெல்லாம் அவகிட்ட நடக்காது. இன்னைக்கு முதல்ல போய் நிக்கிறவனுக்குத்தான் சாவி. வருஷாவருஷம் நான்தான் வாங்கி எண்ணெய்க்கடை போடுதேன்" என்று பெருமையடித்தேன்.

மேலகரம் தாண்டியதும் பஸ் நின்னுபோச்சு. ஆம்பளைகளை இறங்கித் தள்ளச் சொன்னார் டிரைவர்.

"டிக்கெட் வாங்கினவன் தள்ளுவானா?" என்று பட்டணத்தார் உட்கார்ந்தே இருந்தார். வந்த கோவத்தில் அவர் பாரத்தையும் சேர்த்துத் தள்ளினேன்.

பஸ் கிளம்பிருச்சு. நிறுத்தினால் மறுபடி அணைஞ்சுபோகும் என்று டிரைவர் தள்ளின எங்களுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஊர் பூரா இவங்க வந்து நெருக்குதாக, தள்ளுறதுக்கு மட்டும் நாமளா? நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

மழையில் நடந்தே போய்ச் சேர்ந்தேன். பட்டணத்தார் இடுப்பில் சாவியோடு, அருவியில் குளிச்சுட்டு வந்து, அந்த அறை வாசலில் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"ஒரு முனையைப் பிடிங்க சார்" என்றார்.

பிடிச்சேன்.