பழகிய ஸ்டேஷனில் தொலைந்தேன்

பன்னிரண்டு வருடமாகக் கும்மிடிப்பூண்டியிலிருந்து லோக்கல் ரயிலில் சென்னை சென்ட்ரல் போய்வருகிறேன். வெளியூர் ரயில் மட்டும் ஏறியதில்லை.

மகளுக்கு மறுநாள் கோயம்புத்தூரில் கல்லூரிச் சேர்க்கை. மூவரும் லோக்கலில் வந்து இறங்கி, கோயம்புத்தூர் வண்டிக்காக அங்கேயே உட்கார்ந்து போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பொன்னேரி, ஆவடி என்று பக்கத்து ஊர்ப் பெயர்களே வந்தன. நேரம் ஓடியது.

"யாரையாவது கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"டெய்லி வர்ற ஸ்டேஷன், எனக்குத் தெரியாதா? கம்முனு உக்காரு."

பொறுக்காமல் மகளே போய்ப் பிளாட்பாரத்திலிருந்த ஒரு பூக்காரம்மாவைக் கேட்டாள்.

"இங்க லோக்கல் வண்டிதாம்மா வரும். கோயமுத்தூர் வண்டி பக்கத்துல பெரிய கட்டடத்துல நிக்கும். இங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க? ஓடுங்க."

ஓடினோம். இருவரையும் கடைசிப் பெட்டியில் ஏற்றிவிட்டு நான் கால் வைத்ததும் வண்டி நகர்ந்தது.

இப்போதெல்லாம் பையைக் கீழே வைக்குமுன் ஒருவரைக் கேட்டுவிடுகிறேன். தெரிந்த ஸ்டேஷன் என்றால் இரண்டு பேரை.