இலை உதிர்க்காத மரத்தைத் தேடி மூன்று பயணம்

ஒஸ்லோவில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு நான் வழக்கமாகக் கப்பல் அருங்காட்சியகத்தைச் சொல்லித் தப்பிவிடுவேன். இந்த முறை ஒரே ஒரு மரத்தைப் பற்றி எழுதுகிறேன். 2004 தை மாதம் அதில் ஒரு தொட்டில் கட்டினோம். பிறகு அதை அவிழ்ப்பதற்காக மூன்று முறை தேடிப் போனோம்.

அப்போது எங்களுக்குக் கலியாணமாகி ஆறு வருடம். ஆஸ்பத்திரியில் பிள்ளைக்காகச் செய்த சிகிச்சை இரண்டாவது முறையும் சரிவரவில்லை. என் மனைவி வதனிக்கு வேலை குழந்தைகள் காப்பகத்தில். நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பாள். ஒரு சனிக்கிழமை, "கோயில் மரத்திலை தொட்டில் கட்டுவினம். இஞ்சை மரத்துக்கு எங்கை போறது?" என்றாள். "மரம் எல்லாம் மரந்தானே, வாரும்" என்று பெரிய ஞானிபோலச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன்.

போகும் வழி இதுதான். நாங்கள் இருக்கும் வெஸ்ட்லியில் ஐந்தாம் இலக்க மெட்ரோ ஏறினால் இருபத்தேழு நிமிடத்தில் நகர மத்தி. அங்கிருந்து பதினெட்டு அல்லது பத்தொன்பதாம் இலக்க டிராம், எட்டு நிமிடம், மாலுமிகள் பள்ளித் தரிப்பில் இறங்க வேண்டும். ஒரே டிக்கெட் போதும், ஆளுக்கு இருபது குரோன். பிறகு அறுநூறு மீற்றர் ஏற்றம். மேலே ஏக்கபெர்க் மலை, கீழே கடல். அன்று மைனஸ் ஒன்பது பாகை.

எல்லா மரமும் மொட்டையாக நின்றன. பாதை வளைவில் ஒன்று மட்டும் காய்ந்து பழுப்பான இலைகளோடு நின்றது. "எல்லாம் கொட்டிப்போட்டுது. இது மட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்குது, பாருங்கோ" என்றாள் வதனி. மஞ்சளில் நனைத்துக் காயவிட்ட சேலைத்துண்டைத் தொட்டிலாக மடித்து, உள்ளே ஒரு சிறு கல்லை வைத்து, முகத்துக்கு நேரே இருந்த கிளையில் கட்டினாள். பிள்ளையோடு வந்து இதே முடிச்சைத் தன் கையால் அவிழ்ப்பதாக நேர்த்தி வைத்தாள். ஒரு காய்ந்த இலையைப் பிடுங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் மாசியில் ஆரணி பிறந்தாள். அதை எழுதத் தொடங்கினால் மரத்துக்கு வந்து சேரமாட்டேன். விட்டுவிடுவோம்.

மே மாதம், மூன்று மாதப் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மலை ஏறினோம். "மரம் எனக்குத் தெரியும், கவலைப்படாதையும்" என்று சொல்லியிருந்தேன். மேலே போய் நின்ற பிறகுதான் உறைத்தது. நான் மனதில் வைத்திருந்த அடையாளம், இலை இருக்கிற மரம். மே மாதத்தில் எதில் ஐயா இலை இல்லை? வதனி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

நாயோடு வந்த ஒரு நோர்வீஜியப் பெண் நாங்கள் முழிப்பதைப் பார்த்துவிட்டு நின்றார். கதையைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. குளிர்காலத்தில் காய்ந்த இலையைப் பிடித்து வைத்திருந்தால் அது ஓக்காக இருக்கலாம், இந்த மலைக்கே ஓக்கின் பெயர்தான், ஓக் கடைசியாகத்தான் துளிர்க்கும், அதனால் பச்சையைத் தேடாமல் இன்னும் சோம்பிக்கொண்டு நிற்கிற மரத்தைத் தேடுங்கள் என்றார். தேடினோம். செம்மையோடிய சின்னத் துளிரோடு அந்த வளைவில் ஐந்து மரங்கள் நின்றன. ஐந்திலும் முகத்துக்கு நேரே இருந்த கிளைகளில் தொட்டில் இல்லை.

ஆவணியில் மீண்டும் போனோம். இந்த முறை சாமித்தட்டில் வைத்திருந்த அந்தக் காய்ந்த இலையை வதனி கொண்டுவந்தாள். அலை அலையாக உருண்ட ஓரம், காம்பு இருக்கிறதா என்று தெரியாத அளவுக்குக் குட்டை, அடியில் இரண்டு குட்டிக் காது. ஐந்து மரத்து இலையும் அச்சாக அப்படியே. நீண்ட காம்பில் பச்சைக் காய்கள் தொப்பி போட்டுத் தொங்கின. வதனி ஒவ்வொரு மரமாகக் கை எட்டுகிற கிளையெல்லாம் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "காத்து கொண்டுபோயிருக்கும். ஏதோ ஒண்டிலை கும்பிட்டிட்டுப் போவம்" என்றேன்.

"அப்ப நீங்கள் ஆரோ ஒருத்தற்றை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டை போவியளோ?" என்று கேட்டாள். தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கினேன்.

அந்த முடிச்சை அவிழ்க்காமல் ஆரணிக்குச் சோறு தீத்துவதில்லை, முதல் வாய் ஊட்டுவது அந்த மரத்தடியில்தான் என்பது அவள் முடிவு. ஆறு மாதம் போனது, எட்டு மாதம் போனது. பிள்ளை நோர்வேக் கஞ்சி சாப்பிட்டாள், உருளைக்கிழங்கு சாப்பிட்டாள், மீன்கூடச் சாப்பிட்டாள். சோறு மட்டும் இல்லை. போனில் விசாரித்த சொந்தக்காரருக்கெல்லாம் பதில் சொல்லி நான் களைத்துப்போனேன். வதனி பகலில் திடமாக இருப்பாள். பிள்ளைக்குச் சின்னதாகக் காய்ச்சல் வந்தால் போதும், சாமித்தட்டுக்கு முன்னால் போய் நின்றுவிடுவாள். அவளுக்குப் பயம். எனக்கும்தான்.

இந்தத் தைப்பொங்கல் சனிக்கிழமை வந்தது. பொங்கிய புக்கையைச் சுடுசாப்பாட்டுக் குடுவையில் அடைத்துக்கொண்டு போனோம். வளைவில் ஐந்து ஓக்கில் இரண்டுதான் இலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. முதலாவதில் இல்லை. இரண்டாவது மரத்தடியில், பாதையிலிருந்து ஒதுக்கிய பனி குவிந்து மேடாகக் கிடந்தது. வதனி அதில் ஏறினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ... இஞ்சை நிக்குது."

அவள் முகத்துக்கு நேரே, பழுப்பு இலைகளுக்குள், வெளுத்துப்போன எங்கள் தொட்டில். அன்றைக்கும் நாங்கள் பனிமேட்டில் ஏறி நின்றுதான் கட்டியிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் நிலம் இருந்த இடத்தில் இருக்கும். இங்கே அது கரைந்து போகும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. கோடை முழுக்கத் தொட்டில் எங்கள் தலைக்கு மேலே இலைக்குள் தொங்கியிருக்கிறது. நாங்கள் கீழே தடவியிருக்கிறோம்.

முடிச்சு இறுகியிருந்தது. வதனி கையுறையைக் கழற்றி, விரல் சிவக்கச் சிவக்க அவிழ்த்தாள். பிறகு அந்த மரத்தடியிலேயே ஆரணிக்கு முதல் வாய்ச் சோறு. பிள்ளை முகத்தைச் சுளித்துவிட்டு மீண்டும் ஆவென்று வாயைத் திறந்தாள். நாங்கள் இருவரும் அழுதோம், சிரித்தோம், பிள்ளை எங்களைப் பார்த்து முழித்தது.

திரும்பும்போதுதான் கண்டோம். அதே கிளையில், ஒரு சாண் தள்ளி, இன்னொரு தொட்டில். சிவப்புத் துணி, நிறம் மங்காதது. நாங்கள் கட்டியதல்ல. வதனி அதைத் தொடவில்லை. "அவ வருவா" என்று மட்டும் சொன்னாள்.

இந்தக் கட்டுரை அவருக்காகத்தான். அக்கா, தங்கச்சி, யாராக இருந்தாலும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது ஓக் மரம். குளிரில் இலை கொட்டிவிட்டாலும் பயப்படாதீர்கள், கிளை நுனியில் மொட்டுகள் மூன்று நான்காகக் கூடி இருக்கும். மே மாதம் கடைசியாகத் துளிர்க்கும். கோடையில் இலை ஓரத்தைப் பாருங்கள்: உருண்டிருந்தால் நம்முடையது, ஊசிபோல முனை இருந்தால் அது அமெரிக்காவிலிருந்து வந்து நட்ட வேறு ஓக். வளைவில் ஐந்து நிற்கும், கடல் பக்கத்திலிருந்து இரண்டாவது. தள்ளுவண்டியோடு மேலே ஏற இருபது நிமிடம் வேண்டும். பனி இல்லாத காலத்தில் வந்தால் முடிச்சு உங்கள் கைக்கு எட்டாது. பிள்ளையைத் தோளில் ஏற்றுங்கள், அதன் கைக்கு எட்டும்.