மூன்றாம் நாளே அடுப்பைச் சுற்றியவன்

அகார்னை ஊரில் மெலாந்தோஸைத் தெரியாத ஆள் கிடையாது. பார்னஸ் மலையில் கரி சுடுகிறவன். முப்பது வருஷமாகப் புகையில் நின்று நின்று இமை முடியெல்லாம் கருகிப்போனவன். வாய் பேசாது, கை நிற்காது.

நாலாவதும் பெண் என்று ஊருக்குத் தெரிய வாசலில் கம்பளி நூலைக் கட்டினார்களோ இல்லையோ, அவன் முடிவு பண்ணிவிட்டான். ஐந்தாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி ஓடுவது தகப்பன் வேலை. ஓடினால் அது அந்த வீட்டுப் பிள்ளை. ஓடாவிட்டால் பானையில் வைத்து மலைப்பாதையில் விட்டுவிட்டு வர வேண்டியதுதான். இவன் ஓடப்போவதில்லை. இருக்கிற மூன்று பெண்களைக் கரையேற்றுவதற்கே அந்தச் சின்ன ஒலிவத் தோப்பு போதாது. மனைவி அர்கிப்பே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவனும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காதவரைக்கும் தப்பித்தோம் என்று நினைத்திருந்தான், பாவம்.

மூன்றாம் நாள் காலையில் அர்கிப்பேக்குக் காய்ச்சல் அனலாய் அடித்தது. மருத்துவச்சி பிலின்னா பச்சிலை பறிக்கப் போயிருந்தாள். பெண்கள் மூவரும் தண்ணீருக்குப் போயிருந்தார்கள். பிள்ளை வீறிட்டு அழுதது. கொஞ்ச நேரம் காது கேட்காதவன்போல இருந்து பார்த்தான். முடியவில்லை, தூக்கினான். நின்றால் அழுதது, நடந்தால் அடங்கியது. ஒற்றை அறை வீடு, நட்டநடுவில் அடுப்பு. நடக்க வேறு இடம் எங்கே இருக்கிறது?

திரும்பி வந்த பிலின்னா வாசலில் நின்று கையைத் தட்டினாள்.

"சுத்திட்டியா தம்பி! அடுப்புத் தாய் ஹெஸ்தியா பாத்துட்டா, இனி மாத்த முடியாது!"

"சும்மா நடந்தேன் ஆத்தா. இன்னிக்கு மூணாம் நாள்தானே?"

"அடுப்புக்கு நாள் எண்ணத் தெரியுமா?"

கரி ஏற்றிய கழுதையோடு வந்த அண்ணன் டெக்சியோஸ் உள்ளே எட்டிப் பார்த்தான். "அதெல்லாம் செல்லாது. ஓடணும், நடக்கக் கூடாது. அதுவும் துணி இல்லாம ஓடணும். இவன் போர்த்திக்கிட்டு நிக்கிறான்."

"போன தடவை இவன் துணியில்லாம ஓடுனதப் பாத்து என் கோழி ரெண்டு நாள் முட்டை போடல," என்றாள் பிலின்னா.

"கை வலிக்குது, அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல," என்றான் மெலாந்தோஸ்.

"வலிச்சா கீழ வையேன்," என்றாள் பிலின்னா.

தரையைப் பார்த்தான், ஈரம். கூடையைப் பார்த்தான், சுள்ளி குத்தும். அண்ணன் கையை நீட்டினான்.

"உன் கையெல்லாம் கரி, அண்ணே."

"உன் கை மட்டும் பால்ல கழுவுனதாக்கும்!"

அப்போதுதான் குனிந்து பார்த்தான். பிள்ளையின் கன்னத்தில் அவனுடைய ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. முகத்தையும் பார்த்துவிட்டான்.

"ஆடு குட்டிய நக்குதே, அது யாரைக் கேட்டுக்கிட்டு நக்குது? அதுக்குப் பேருதான் ஸ்தோர்கே, தானா ஊறுற பாசம்," என்றாள் பிலின்னா.

"அது பெத்தவளுக்கு. எனக்கு எதுக்கு?" என்று எரிந்து விழுந்தான்.

இரண்டு நாள் அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஓடமாட்டேன் என்று காலையில் சொன்னான், சாயங்காலம் யாரும் கேட்காமலே மறுபடி சொன்னான். மண் போட்டு மூட மறந்து ஒரு சூளை விறகையும் சாம்பலாக்கினான். பெற்றவளுக்கு மட்டும் என்றால் தன் மார்பில் ஏன் இப்படி அடைக்கிறது? புகையோ? முப்பது வருஷம் இல்லாத புகையா இப்போது வந்தது? இரக்கம்தான் என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரக்கப்படுகிறவனுக்குத் தான் இரக்கப்படுவது தெரியும்.

ஐந்தாம் நாள் வந்தது. அர்கிப்பேக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அவன் வாசலைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான். போர்வையை உருவி எறிந்தான். அர்கிப்பே பிள்ளையை விடமாட்டேன் என்றாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பியிருந்த அவன் காலைப் பார்த்தாள், கொடுத்துவிட்டாள்.

"டேய், என்ன யோசிச்சு ஓடுறடா?" என்று அண்ணன் கத்தினான்.

"தெரியல அண்ணே, தள்ளி நில்லு," என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு இரண்டாவது சுற்றுக்குத் திரும்பினான்.