சகனில் கவிழ்ந்த தேன் தயிர்

தேசிக்காய் ஊறுகாய் முட்டியின் வாய்த்துணியை அவிழ்த்ததும் குப்பென்று எழும் அந்தப் புளித்த வாசம் மூக்கில் ஏறினால், ஏறாவூரில் எங்கள் வீட்டு முன்னறையில் என் ராத்தாவின் புது மாப்பிள்ளை குனிந்த தலையோடு விருந்துக்கு உட்கார்ந்திருந்த பகல்தான் எனக்குக் கண்ணுக்குள் வந்து நிற்கும். இரண்டாம் ஈழ யுத்தம் தொடங்குவதற்கு முந்திய காலம். எனக்குப் பால்பல் விழுகிற வயது. அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். முதல் விருந்தில் மனம் கோணினால் எழும்பிப் போய்விடுவாரோ என்ற பயமும் கூடவே வரும். பக்கத்துத் தெருவில் ஒருவர், உறைப்புக் கூடிவிட்டதென்று பாதிச் சோற்றில் எழும்பித் தாய்வீட்டுக்குப் போனவர், திரும்பவே இல்லை. அந்தக் கதை காதில் விழுந்ததிலிருந்து ராத்தாவுக்கு நித்திரை இல்லை. அதனால் விடிந்ததிலிருந்து அடுப்படியில் ஒரே வழக்கு: இளங்குட்டி ஆட்டிறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள எதை வைப்பது?

"மாசிக் கருவாட்டுச் சம்பல் வைப்பமா?" என்றாள் பெரியும்மா.

"இறைச்சிக்குப் பக்கத்தில மாசியா? மாப்பிள்ளட ஊர் ஓட்டமாவடி முழுக்கச் சொல்லிச் சிரிப்பாங்ககா," என்றாள் உம்மா.

முற்றத்திலிருந்து வாப்பா சத்தம் போட்டார்: "மாங்கா அச்சாறு இல்லாம எனக்கு ஆட்டிறைச்சி தொண்டையால இறங்காது!"

"விருந்து உங்களுக்கா, மருமகனுக்கா?"

வாப்பாவின் நாக்கு அப்படி. கறியில் ஒரு துளி இனிப்புத் தட்டினாலும் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புகிற மனிதர். கடைசியில் ஊறுகாய், அச்சாறு, புளியாணம், வெள்ளை வெளேரென்று தேங்காய்ப்பால் குழம்பான பாலாணம் எல்லாமே முன்னறைக்குப் போயின. சோறு முடிந்த பிறகு தின்பதற்கென்று எருமைத் தயிரில் காட்டுத்தேனை விட்டு அடித்து (தேன் கொண்டுவந்தவரின் கதை தனிக்கதை) அதையும் உம்மா ஒரு கோப்பையில் ஓரமாக வைத்தாள்.

"சகன்" என்றால் பெரிய தட்டு. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சோற்றில் கைவைப்பார்கள். மாப்பிள்ளை ஆணம் ஊற்றி முதல் கவளம் எடுக்காமல் மற்றவர்கள் தொடக்கூடாது. மச்சான் வெட்கத்தில் நிமிரவே இல்லை. குனிந்தபடியே கையை நீட்டினார், ஒரு கோப்பையை எடுத்தார், நடுவிலிருந்த இறைச்சியின் மேல் முழுவதையும் கவிழ்த்தார்.

தேன் தயிர்!

"அல்லாவே!" என்று திரைச்சீலைக்குப் பின்னால் பெரியும்மா வாயைப் பொத்தினாள். ராத்தா என் தோளை நகம் பதியப் பிடித்தாள். மச்சான் ஒரு கவளத்தை வாயில் வைத்தார். தாடை அப்படியே நின்றது. பிறகு மெல்ல விழுங்கினார். எல்லோருடைய கண்ணும் அதே சகனில் இருந்த வாப்பாவின் மேல். எழும்பப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் திரைச்சீலைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு பெரிய கவளமாக அள்ளி வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"நல்ல ருசியாத்தான் இரிக்கி மருமகன். இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

வாப்பாவா இது?

மச்சான் எங்கேயும் போகவில்லை. எங்கள் வீட்டிலேயே இருந்து பேரப்பிள்ளைகளைக் கண்டார். ஆட்டிறைச்சி ஆக்குகிற நாளெல்லாம் மருமகனுக்கு விருப்பமென்று வாப்பா தேன் தயிர் கேட்பார். மாமாவுக்கு விருப்பமென்று மச்சான் ஊற்றுவார். வாப்பா மௌத்தாகி, அடக்கம் முடிந்து, கத்தம் ஓதிய விருந்தில் அந்தக் கோப்பை வந்தபோதுதான் மச்சான் வாயைத் திறந்தார்.

"அண்டைக்குக் குனிஞ்ச தலையில பாலாணமெண்டு நினைச்சித்தான் ஊத்தின மாமி. மாமா ஆசையாத் தின்னுறாரெண்டு விடவும் ஏலாமப் போச்சி. எனக்கு அதக் கண்டாலே குமட்டும்."

உம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"அவருக்குந்தான் மகன்," என்றாள்.

இன்று எங்கள் வீட்டில் சகன் இல்லை. மேசை, ஆளுக்கொரு கோப்பை. மாப்பிள்ளைமார் நிமிர்ந்திருந்து வேண்டியதைக் கேட்டு வாங்கித் தின்கிறார்கள். ஆனால் ஆட்டிறைச்சி மணந்தால் போதும், ராத்தாவின் பேரன் வந்து நிற்கிறான்: "தேன் தயிர் எங்க?" அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். வழித்து வழித்துத் தின்கிறான். அவனுக்கு அது உண்மையாகவே பிடித்திருக்கிறது!